அப்பா போட்டுப் பார்த்த வெள்ளை அங்கி

தம்பி, இதை பஸ்ஸில் வைத்து வாசிக்காதே. நீ தனியாக இருந்து சிரித்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழும்பி வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். வீட்டில், சாப்பிட்ட பிறகு, ஆறுதலாக இருந்து வாசி. உனக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு நீயும் நயோமியும் நகரத்தின் அந்தக் கரையில் ஃபாரஸ்ட் கேட்டில், நாங்கள் இந்தக் கரையில் தோர்ண்டன் ஹீத்தில். அம்மாவின் புத்திமதியைக் கேட்க ரயில் மாறி ரயில் ஏறி வருகிற பிள்ளை நீ இல்லை. இப்போதே நேரில் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுகொண்டே படியேறிப் போய்விடுகிறாய். கடிதத்தை விட்டுவிட்டுப் படியேற ஏலாதுதானே!

நிச்சயதார்த்தத்தன்று நீ என்னைக் கேட்டாய், "அம்மா, நயோமியின்ர அம்மா ஏன் அப்பாவைக் கண்டவுடனை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா?" என்று. "அப்பாவின்ர தலையில முடி இல்லை, அதுதான்" என்று சொல்லி நான் தப்பினேன். அப்பா அதற்குள் மீன் ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் மாயமாகிவிட்டார். நான் சொன்னது முழுப் பொய். உண்மையில் நடந்தது எனக்கும் அப்பாவுக்கும் நயோமியின் அம்மா ஐரிஸுக்கும் தெரியும், பிறகு நயோமிக்கும் தெரியும். உனக்கு மட்டும் மறைத்துவிட்டோம், ஏனென்றால் அதில் உன் வேலையும் சம்பந்தப்பட்டிருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன். ஏன் சொல்லுகிறேன் என்பது கடைசியில் உனக்கே விளங்கும்.

ஆடி மாதம் நீ வேலை விஷயமாக ஒரு கிழமை மான்செஸ்டருக்குப் போனாய். போகும்போது சாப்பாட்டு மேசையில் தாள்கள் அடுக்கிய ஒரு தடித்த கோப்பை வைத்துவிட்டு, "அம்மா, இதைத் தொடாதேங்கோ, ஒபிஸ் சாமான்" என்றாய். கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு என் முதல் புத்திமதி இது: தொடாதே என்று சொல்லிவிட்டு எதையும் சாப்பாட்டு மேசையில் வைக்காதே. நீ வெளிக் கேட்டைச் சாத்திய சத்தம் கேட்டதும் நான் கோப்பைத் திறந்துவிட்டேன். பழைய அச்சுத் தாள்களை ஏலத்தில் விற்கிற கம்பனிக்காரன் நீ. வழமையாகக் கொண்டுவருவதில் பழைய வரைபடம், கப்பல் டிக்கெட், சோப்பு விளம்பரம் என்று ஏதாவது இருக்கும். இந்த முறை அமெரிக்கச் சாமான், எல்லாம் கலர்ப் பிரதிகள். ஏதோ ஒரு சங்கத்தின் அங்கத்தவர் அட்டைகள், ஓரமெல்லாம் பூவேலை செய்த சான்றிதழ்கள், பாட்டுத் தாள்கள், குடும்பப் பிக்னிக் ஒன்றின் நோட்டீஸ். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு உடுப்புப் புத்தகம் இருந்தது. அதைக் கண்டவுடன் நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

ஜெர்மனியில் உன்னை வளர்த்துவிட்டு இங்கே வந்த உன் அம்மாவுக்கு ஜெர்மன் பாஷை ஓடும், இங்கிலீஷ் நொண்டும், அது உனக்குத் தெரியும். அந்தத் தாள்களில் என்னால் எழுத்துக்கூட்டிப் பிடிக்க முடிந்தவை கடவுள், சிலுவை, சகோதரர், சத்தியம். படங்களோ, என்ன சொல்ல! தூய வெள்ளை அங்கி, தோளில் சின்னப் போர்வை, இடுப்பில் கயிறு, நெஞ்சில் சிலுவை, தலையில் முகத்தையும் மூடுகிற கூம்புத் தொப்பி. முன்பக்கம் எப்படி, பின்பக்கம் எப்படி, எந்தப் பதவிக்கு என்ன நிறக் கரை என்று எல்லாம் அழகாக அச்சடித்திருந்தார்கள். எங்கள் மன்னாரில் பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரின் சுருவத்தைச் சிலுவையிலிருந்து இறக்குகிற ஆண்கள் வெள்ளை அங்கி போட்டு, வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு வருவார்கள். நான் சின்னப் பிள்ளையாய் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். அமெரிக்காவிலும் எங்களைப் போல ஒரு பக்திச் சபை இருந்திருக்கிறது, அதுவும் உடுப்பில் இவ்வளவு கவனமான சபை என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் தமிழ்ச் சபை ஒரு வேலையை என் தலையில் கட்டியிருந்தது. ஆவணித் திருவிழாவுக்கு மாதாவின் சுருவம் வைத்த கூடு தூக்குகிற ஆண்களுக்கு ஒரே மாதிரி உடுப்பு வேண்டுமாம். போன வருஷம் ஒருவர் வேட்டி, ஒருவர் ஜீன்ஸ், ஒருவர் ஃபுட்போல் பெனியன். மாதாவுக்கே வெட்கமாய் இருந்திருக்கும்.

சரி, உனக்கு இப்போது விளங்கியிருக்கும். வாயைப் பொத்தாதே, வாசி. நல்ல வெள்ளை சாட்டின் வாங்கி, மாதிரிக்கு ஒன்று தைத்தேன். புத்தகத்தில் இருந்தபடியே, ஒரு மடிப்பும் பிசகாமல். தொப்பி விழாமல் நிற்க உள்ளே கன்வஸ் வைத்தேன். நெஞ்சில் சிவப்பு வட்டம் வெட்டி, நடுவில் வெள்ளைச் சிலுவை கையால் தைத்தேன். தைத்து முடித்து அதைத் தையல் பொம்மைக்குப் போட்டு, வெளிச்சம் நல்லது என்று முன்னறை யன்னலடியில் றோட்டைப் பார்க்க நிறுத்தினேன். எங்கள் றோட்டில், தம்பி! ஒரு பக்கம் கானாக் குடும்பம், மறுபக்கம் நைஜீரியாக் குடும்பம், முன்னுக்கு ஜமைக்காக் காரரின் முடி வெட்டுகிற கடை. தபால்காரப் பெடியன் கேட்டடியில் நின்று யன்னலைப் பார்த்தான், பார்சலைத் தராமல் அப்படியே கொண்டுபோய்விட்டான். தினமும் "குட் மார்னிங் மம்மி" என்கிற கானாக்காரர் யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப யன்னலைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். "இஞ்சாருங்கோ, சனம் எப்பிடி ரசிச்சுப் பார்க்குது பாருங்கோ" என்றேன் அப்பாவிடம். "ஓமப்பா, ஒருத்தரும் பாராமல் போகேல்லை" என்று அவரும் பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் அளவு பார்க்க அப்பாவுக்கே அதைப் போட்டுவிட்டேன். தொப்பியோடு, முகத்துணியோடு. கண்ணுக்கு வெட்டின ஓட்டைகள் அவருக்குச் சரியாக வரவில்லை. ஒரு கண்தான் தெரிந்தது, மற்றதில் மூக்கு வந்து நின்றது. நான் வாய் நிறையக் குண்டூசியோடு கீழே இருந்து கரை மடித்துக்கொண்டிருந்தேன். பெல் அடித்தது. வாயைத் திறக்க ஏலாது, கையைக் காட்டினேன். உன் அப்பா, சொன்ன வேலையை உடனே செய்கிற மனுசன், அப்படியே நடந்துபோய்க் கதவை அகலத் திறந்தார்.

வாசலில் நயோமியின் அம்மா ஐரிஸ். அதற்கு முதல் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஜமைக்காவிலிருந்து சின்ன வயதில் வந்து, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வெடுத்தவர் என்று மட்டும் நீ சொல்லியிருந்தாய். கையில் இஞ்சிக் கேக். சண்டை பிடிக்க வந்தவர்தான், ஆனால் முதல் முதல் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று கேக்கோடு வந்திருக்கிறார், பார். அப்பாவைக் கண்டதும் அவர் ஒரு அடி பின்னால் போய் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கை கேக்கை எறியுமாப்போல் மேலே போனது. மனுசி பயந்துபோனார் என்று அப்பாவுக்கு விளங்கியது. ஏன் என்றுதான் விளங்கவில்லை. இரண்டு கையையும் விரித்து, "ஹலோ ஹலோ! ப்ளீஸ் கம்! டோன்ட் பீ அஃப்ரேட்!" என்றார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சோறு இறங்காது. பிறகு முகத்துணியைத் தூக்கினார். மொட்டைத் தலை, மீசை, வேர்வை வழிகிற கறுத்த முகம், பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு.

ஐரிஸ் பிறகு சொன்னதை நான் எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன், என் காதுக்கு அது அப்படித்தான் கேட்டது. "துணியைத் தூக்கினதும் உள்ளுக்குள்ள என்ர சித்தப்பா மாதிரி ஒரு ஆள் நிக்கிறார். கத்துறதோ, சிரிக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை." என்றாலும் அந்த நேரம் அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்தார், கேக்கை மேசையில் வைத்தார், "இது என்ன?" என்று கேட்டார். நான் பெருமையாக உன் கோப்பை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். "சேர்ச்", "ஹோலி", "பிரதர்ஸ்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, என்னைப் பக்கத்தில் இருத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல ஆறுதலாகச் சொன்னார். இவர்கள் வெள்ளைத்தோல்தான் உசத்தி என்று சத்தியம் செய்து சங்கம் வைத்தவர்கள். இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கறுப்பு ஆட்களின் வீட்டை எரித்தார்கள், மரத்தில் தூக்கினார்கள். அவர்களுக்குக் கத்தோலிக்கரையும் ஆகாது, யூதரையும் ஆகாது, எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களையும் ஆகாது. அப்பா மேசையடியில் அந்த அங்கியோடு நின்றே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் பேயைக் கண்டவர் மாதிரி மேலே ஓடினார். அங்கியின் கரையில் கால் தடக்கி, படியில் விழுந்து, குண்டூசி குத்தி, "ஐயோ அம்மா!" என்று அவர் போட்ட சத்தம் கானாக்காரர் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு அந்தத் தொப்பியைவிடப் பயம் தந்தது பிக்னிக் நோட்டீஸ்தான். ஐரிஸ் அதை வாசித்து விளங்கப்படுத்தினார். பாண்ட் வாத்தியம் இருக்கிறது, ஐஸ்கிரீம் இருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் கோயில் விழாவுக்கு நாங்கள் அடிக்கிற நோட்டீஸுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, தம்பி. யாரோ ஒருவர் இருந்து எழுத்துப் பிழை பார்த்திருக்கிறார். என்னைப் போல ஒருத்தி அந்த அங்கிகளுக்குக் கரை மடித்திருக்கிறாள், வீட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு. இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று ஐரிஸ் கேட்டார். பல்கலைக்கழகங்கள் வாங்கிப் பத்திரப்படுத்தும் என்று பிறகு நயோமி சொன்னாள். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்ததே அவள்தானாம், உன் ஒபிஸில் அவளுக்கு அதுதானே வேலை.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், நிறுத்தவேயில்லை. இங்கிலீஷில் கேட்டேன், தமிழில் கேட்டேன், பதற்றத்தில் ஜெர்மனிலும் கேட்டேன். அப்பா சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியபடி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்றார். ஐரிஸ் பொம்மையில் கிடந்த தோள் போர்வையைக் கையில் எடுத்து, உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். "வேலை அருமை. ஆளைத்தான் பிழையாப் பிடிச்சிட்டியள்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "டோன்ட் பீ அஃப்ரேட்!" என்று அவரைப் போலவே கையை விரித்துச் சொல்லிக் காட்டினார். அதோடு போயிற்று. மூன்று பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இந்த வருஷம் வைகாசிக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை, உனக்கே தெரியும். சிரித்துக்கொண்டிருந்த நான் திடீரென்று அழுதுவிட்டேன். ஊரில் யுத்தத்தில் அத்தனை சனம் செத்துப்போனபிறகு எனக்கு என்ன சிரிப்பு என்று ஒரு குற்றம் மாதிரி இருந்தது. ஐரிஸ் என் முதுகைத் தடவினார்.

நான் கண்ணைத் துடைத்த பிறகு அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "உடுப்புக்கு மன்னிப்புக் கேட்டது காணும். அது நீங்கள் தெரியாமல் தைச்சது. நான் அதுக்கு வரேல்லை. என்ர பிள்ளை ரெண்டு வருஷமா இந்த வீட்டுக்கு வந்து போறாள். உங்கட சனத்துக்கு முன்னால அவளை ஆர் எண்டு சொல்லுறியள்?"

தம்பி, அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. சித்திரை மாதம் ஊரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாள்தோறும் போய் நின்றோமே, நயோமி வேலை முடிந்து நேரே வந்து எங்களோடு நிற்பாள். தண்ணிப் போத்தல் தூக்குவாள், என் பையைத் தூக்குவாள், ஊரின் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாத பிள்ளை தொண்டை அடைக்கக் கத்துவாள். ஒருநாள் கோயில் ஆட்கள் வந்து, "ஆர் இந்தக் காப்பிலிப் பிள்ளை?" என்று அவளை வைத்துக்கொண்டே தமிழில் கேட்டார்கள். கறுப்பு ஆட்களை இழிவாகச் சொல்லுகிற அந்தச் சொல்லுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. "தம்பியின்ர ஒபிஸ் பிரெண்ட்" என்று இங்கிலீஷும் தமிழும் கலந்து சொன்னேன். அது பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள கெட்டித்தனம். பிறகு எங்கே போனாலும் அதே பேச்சு, கலியாண வீட்டிலும் ஒபிஸ் பிரெண்ட், செத்தவீட்டு அந்தியேட்டியிலும் ஒபிஸ் பிரெண்ட்.

எனக்கு இது தெரியாத நோவும் இல்லை. நான் கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்த புதிதில் உன் பெரிய மாமி, அப்பாவின் அக்கா, என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு மன்னார் என்றால் ஒரு இளக்காரம். வருகிறவர்களிடம் "தம்பி கட்டின மன்னார்ப் பெட்டை" என்பார். நான் குசினிக்குள் நின்று வெங்காயத்தை வெட்டுவதாகச் சாட்டி அழுவேன். அப்பா வாய் திறக்காமல் டீவி பார்ப்பார். இதையெல்லாம் பட்ட நானே இன்னொரு பிள்ளைக்கு அதைச் செய்தேன். ஐரிஸிடம் உள்ளதைச் சொன்னேன். "எங்கட ஆக்கள் கதைப்பினம் எண்டு பயம்" என்றேன். "என்ர ஆக்களும்தான் கதைக்கினம். உன்ர மகள் அந்த வீட்டில உறைப்புத் திண்டே செத்துப் போவாள் எண்டு என்ர தங்கச்சி சொல்லுறாள். கதைக்கட்டும்" என்றார் ஐரிஸ். "நீங்கள் மாறாட்டில், இண்டைக்கே அவளைக் கூப்பிட்டு இவனை விடு எண்டு சொல்லப்போறன். அதுக்குத்தான் வந்தனான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டாம் என்றேன். திருவிழாவுக்கு நீங்களும் வாருங்கள், உங்கள் கண்ணுக்கு முன்னால் சொல்லுகிறேன் என்றேன். அங்கி அன்றே குப்பைக்குப் போயிற்று. நல்ல சாட்டின் என்று அப்பா மட்டும் கொஞ்சம் மனவருத்தப்பட்டார். கூடு தூக்கினவர்கள் வெள்ளை வேட்டியும் சால்வையும் கட்டினார்கள், மாதாவுக்கு அது போதும்.

திருவிழாவன்று நீ ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்துக்கொண்டு நின்றாய், அதனால் இதைக் காணவில்லை. ரெய்னர்ஸ் லேனிலிருந்து பெரிய மாமி பட்டுச் சேலையோடு வந்து இறங்கினார். சுற்றிவர அவருடைய கூட்டம். நயோமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில், ஆனால் எல்லாருக்கும் கேட்க, "ஆரடி இது?" என்றார்.  ஐரிஸ் பக்கத்தில் நின்று என் வாயையே பார்க்கிறார். "என்ர மருமகள், மச்சாள். பேர் நயோமி" என்றேன். மாமி கண்ணை உருட்டினார். "என்னடி சொல்லுறாய்?" "மன்னார்ப் பெட்டை கொண்டுவாற மருமகள் வேற எப்பிடி இருப்பாள், மச்சாள்?" என்றேன். அப்பா எனக்குப் பின்னால் நின்று களுக்கென்று சிரித்துவிட்டார். அந்த ஒரு சிரிப்புக்காக டீவி பார்த்த வருஷங்களை எல்லாம் நான் அவருக்கு மன்னித்துவிட்டேன். மாமி கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்துவிட்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று நயோமியைத் தமிழில் கேட்டார். "ஓம் மாமி" என்றாள் அவள். மாமியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

எல்லாம் முடிந்து கோயில் மண்டபத்தில் நானும் நயோமியும் சோறு கறி சமைத்த பெரிய கிடாரங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். வேறு ஒருவரும் இல்லை. ஒபிஸ் பிரெண்ட் என்று சொன்னதற்கெல்லாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றதற்கும் கேட்டேன். அவளுக்கு அந்தச் சொல்லின் கருத்து முதலே தெரிந்திருக்கிறது, யாரிடமோ கேட்டு அறிந்திருக்கிறாள். ஈரக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்தாள், என் சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது. "அன்ரி, உங்களுக்கு உங்கட சனத்துக்குப் பயம், அது எனக்கு விளங்கினது" என்றாள். "உங்கட மகனுக்கு ஆருக்குப் பயம்? இண்டைக்கும் அது எனக்கு விளங்கேல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த கிடாரத்தை எடுத்தாள்.

அந்த நாள் பாராளுமன்றத்துக்கு முன்னால் நீ எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றாய். நான் ஒபிஸ் பிரெண்ட் என்று சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, ராசா. உன்னைத்தான் பார்த்தாள். நீ போனை எடுத்துப் பார்த்தாய். நான் அதைக் கண்டேன். அந்த நேரம் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. கிடாரம் கழுவும்போது உனக்காக ஏதாவது சொல்ல என் வாய் துடித்தது. நல்ல பிள்ளை, களைத்துப்போய் நின்றிருப்பான், அம்மாவுக்கு மரியாதை என்று ஏதாவது. சின்னனில் நீ பந்தடித்து யன்னல் உடைத்தாலும், பள்ளிக்கூடத்தில் பெடியனைத் தள்ளி விழுத்தினாலும், நான்தானே போய் நின்றேன். உனக்காக மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஜெர்மன் பாஷையே வந்தது. ஆனால் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கல்யாணத்துக்கு வருவாள், சிரித்துக்கொண்டே வருவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதை உன்னிடம் சொல்லும்படி அவள் என்னைக் கேட்கவும் இல்லை. என் பங்கு மன்னிப்பை நான் கேட்டு முடித்துவிட்டேன், உன் பங்கு அப்படியே கிடக்கிறது. மாலையோடு உன் பக்கத்தில் வந்து நிற்கிற பிள்ளை அந்தக் கேள்வியையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கக் கூடாது, அப்பன். இந்தக் கடிதத்தை மடித்து வை. போனை வீட்டில் விட்டுவிட்டு அவளிடம் போ.